மூளை ஸ்லைஸில் என்எம்டிஏ மின்னோட்டம் ஏன் தெரியவில்லை?

வேலூரில் ஆராய்ச்சி மாணவர் என்று எழுதியிருக்கிறீர்கள். மூளையின் மெல்லிய துண்டில் (ஸ்லைஸ்) ஒரு செல்லை −70 மில்லிவோல்ட்டில் வைத்தால் ஆம்பா மின்னோட்டம் மட்டும் தெரிகிறது, என்எம்டிஏ ஏற்பியே இல்லையோ என்பது உங்கள் சந்தேகம். இரண்டுமே குளுட்டமேட் என்ற நரம்புச் செய்திப் பொருளை ஏற்கும், துளை கொண்ட ஏற்பிகள். ஏற்பி இருக்கிறது. அதன் துளையை மெக்னீசியம் அடைத்திருக்கிறது.

குளுட்டமேட் ஒட்டியதும் ஆம்பா திறக்கும், சோடியம் பாயும், சில மில்லி விநாடியில் அடங்கிவிடும். என்எம்டிஏவுக்கு அது போதாது. கிளைசினோ டி-செரினோ கூடவே ஒட்ட வேண்டும். செல்லின் மின்னழுத்தமும் ஏற வேண்டும். அப்போதுதான் மெக்னீசியம் விலகி கால்சியம் உள்ளே வரும். 1984லேயே இரண்டு குழுக்கள் தனித்தனியாகக் காட்டிய விஷயம் இது. (சில ஆம்பா வகைகளிலும் கால்சியம் போகுமே என்று யாராவது வருவார்கள். போகும், இந்தக் கேள்விக்கு அது தேவையில்லை.)

என்எம்டிஏவைப் பார்க்கச் செல்லை +40 மில்லிவோல்ட்டுக்குக் கொண்டுபோங்கள். செல்லில் ஒட்டிப் பதிவெடுக்கும் கண்ணாடிக் குழாயில் (பிப்பெட்) சீசியம் கரைசல் இருக்கட்டும். பொட்டாசியம் வைத்தால் வெளியேறும் பொட்டாசியமே எல்லாவற்றையும் மூடிவிடும். செல்லைத் தணிக்கும் காபா செய்தியை அடக்க பிக்ரோடாக்சின் 100 மைக்ரோமோலார். தூண்டி 50 மில்லி விநாடி கழித்து அளவெடுங்கள், அதற்குள் ஆம்பா ஓய்ந்திருக்கும். பிறகு என்எம்டிஏவைத் தடுக்கும் ஏபிவி 50 மைக்ரோமோலார் விடுங்கள். மின்னோட்டத்தின் நீண்ட வால் மறையவில்லை என்றால் நீங்கள் அளந்தது என்எம்டிஏ அல்ல.

−70லேயே பார்க்க வேண்டுமானால் மெக்னீசியம் சேர்க்காத கரைசல், கிளைசின் 10 மைக்ரோமோலார், ஆம்பாவை நிறுத்த என்பிகியூஎக்ஸ் 10 மைக்ரோமோலார். ஆம்பாவை நிறுத்தும் இன்னொரு மருந்தான சிஎன்கியூஎக்ஸ் வேண்டாம், அது என்எம்டிஏவில் கிளைசின் ஒட்டும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும்.

நம் ஊரில் சறுக்குவது தண்ணீரில்தான். போர் தண்ணீர் கடினநீர். வடிகட்டும் ரெசின் தீர்ந்திருந்தால் மெக்னீசியம் கசிந்து வரும். சில பத்து மைக்ரோமோலார் மிஞ்சினாலே −70ல் துளை பெருமளவு அடைபடும். மீட்டர் 18.2 மெகாஓம் காட்டாத தண்ணீரைத் தொடாதீர்கள். பாலாற்றில் தோல் கழிவு விட்டவர்களே செலவை ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996ல் சொன்னது. இன்னும் குடிக்கக்கூட கேன் வாங்குகிறோம். இந்தக் கோபம் எனக்கு ஆறவே இல்லை.

ஸ்லைஸ் கரைசலைக் கலக்கும்போது கால்சியம் குளோரைடைக் கடைசியில் சேருங்கள், 95% ஆக்சிஜன், 5% கரியமில வாயு கால் மணி நேரம் ஓடிய பிறகு. முந்தினால் கரைசல் வெள்ளையாகக் கலங்கும். அதைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குவதே வழி. அக்னி நட்சத்திரத்தில் ஏசி நின்றால் அறையே 32 டிகிரியைத் தாண்டும். கரைசலின் வெப்பத்தைக் காக்கும் உங்கள் ஹீட்டருக்குச் சூடாக்கத்தான் தெரியும், குளிர்விக்கத் தெரியாது. வெப்பம் மாறிவிடுவதால் அன்றைய பதிவுகளை மற்ற நாள்களோடு சேர்க்காதீர்கள்.