வாசலில் ‘இன்டர்நேஷனல்’ பேனர்: பாடத்திட்டம் மாறுமா?

கேள்வி: என் மகள் ஒரு சி.பி.எஸ்.இ. பள்ளியில் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். பிரிட்டிஷ் கவுன்சிலின் ‘இன்டர்நேஷனல் ஸ்கூல் அவார்டு’ வாங்கியதாக வாசலில் பெரிய பேனர் வைத்திருக்கிறார்கள். அடுத்த ஆண்டு கட்டணம் கூடுமாம். பாடத்திட்டமும் மாறுமா? அவளை வேறு பள்ளியில் சேர்க்கலாமா என்று யோசிக்கிறேன்.
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: பாடத்திட்டம் மாறாதுங்க. பத்தாம் வகுப்பில் உங்கள் மகள் எழுதப்போவது அதே சி.பி.எஸ்.இ. தேர்வுதான். 1968-ல் ஜெனீவாவில் தொடங்கிய ஐ.பி. (இன்டர்நேஷனல் பாக்கலாரியேட் என்ற பன்னாட்டுப் பாடத்திட்டம்) போன்றவற்றுக்குத்தான் தனிப் பாடத்திட்டம், தனித் தேர்வு எல்லாம். நம் கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல் 1976-லேயே ஐ.பி. பள்ளியானது, இந்தியாவில் அதுதான் முதல். உங்கள் பள்ளிக்குக் கிடைத்தது அப்படிப்பட்ட அங்கீகாரம் இல்லை. இருக்கிற பாடத்துக்குள்ளேயே வெளிநாடுகளைப் பற்றிய கற்றலையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்ததற்குத் தரும் விருது.

அதற்காகச் சாதாரணமாக எடைபோட்டுவிட வேண்டாம். முழு விருது வாங்க ஓராண்டில் குறைந்தது ஏழு செயல்பாடுகள் நடத்த வேண்டும். அதில் மூன்றையாவது வெளிநாட்டுப் பள்ளியோடு சேர்ந்து செய்திருக்க வேண்டும். முதலில் திட்டம் எழுதிக் கொடுத்து, ஆண்டு முடிவில் சான்றுகளோடு அறிக்கையும் அனுப்ப வேண்டும். ஆசிரியர்களுக்கு நிஜமாகவே கூடுதல் வேலைதான்.

ஆனால் வேலை வகுப்பில் நடந்ததா, ஆண்டு விழா மேடையில் மட்டும் நடந்ததா என்பதுதான் கேள்வி. கன்னத்தில் கொடி வரைந்து, ஜப்பானியக் கிமோனோ உடை மாட்டி, போட்டோ எடுத்து அனுப்பிவிட்டால் பிள்ளைக்கு என்ன தெரிந்திருக்கும்? அதே நேரத்தில், காத்மாண்டுவில் ஒரு பள்ளியோடு சேர்ந்து மாதவாரியாக மழையளவு குறித்தார்கள் என்று வையுங்கள். அங்கே ஜூலையில் மழை கொட்டும். திருச்சியில் அக்டோபர், நவம்பர் வரை காத்திருக்க வேண்டும். ஏன் என்று ஒரு பிள்ளை கேட்டுவிட்டால் புவியியல் பாடம் அங்கேயே தொடங்கிவிடும். வரைபடம் போடும்போது கணக்கும் சேர்ந்துகொள்ளும்.

ஆகவே மகளின் நோட்டை எடுத்துப் பாருங்கள். எந்த நாட்டுப் பள்ளியோடு பேசினீர்கள், அவர்கள் என்ன கேட்டார்கள் என்று அவளிடமே விசாரியுங்கள். பெற்றோர் கூட்டத்தில், இதற்குப் பொறுப்பான ஆசிரியர் யார் என்று கேளுங்கள். அப்படி ஒருவர் இருந்தாக வேண்டும். அப்புறம், விருது மூன்று ஆண்டுகளுக்குத்தான் செல்லும். பேனரில் எந்த ஆண்டு போட்டிருக்கிறது?

கட்டணத்தை இதோடு முடிச்சுப்போட்டால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஏழு செயல்பாடுகளுக்குப் புதுக் கட்டடமும் வேண்டாம், ஏசி வகுப்பறையும் வேண்டாம். எதற்காக எவ்வளவு கூடுகிறது என்று எழுத்தில் கேளுங்கள். பள்ளியை மாற்றுவதெல்லாம் அந்தப் பதில் கைக்கு வந்த பிறகு யோசிக்கலாம்.