மறுத்துவிட்டு வந்த வீடு

வணக்கம்.

நீண்ட சைக்கிள் பயணங்களைப் பற்றி நீங்கள் எழுதியவற்றைப் படித்துவிட்டுத்தான் சைக்கிள் வாங்கினேன். அடுத்த ஆண்டு மூன்று மாதம் தனியாகப் போகத் திட்டம். அதற்கு ஒத்திகையாகப் போன மாதம் நான்கு நாள் சுற்றிவந்தேன். இரண்டாம் நாள் மாலை ஒரு வீட்டு வாசலில் தண்ணீர் கேட்டேன். வயதான அம்மா ஒருவர் தண்ணீர் கொடுத்துவிட்டு, "இருட்டப்போகுது, இங்கேயே தங்கிட்டுக் காலையில போயேன்" என்றார். "பரவாயில்லைம்மா, போயிடுவேன்" என்று சொல்லிக் கிளம்பிவிட்டேன். எட்டு கிலோமீட்டர் தள்ளி, பூட்டிக் கிடந்த ஒரு கட்டடத்தின் முகப்பில் படுத்தேன். அந்த அம்மாவின் முகம் அன்று இரவு என்னைத் தூங்கவிடவில்லை.

யாரிடமும் எதையும் கேட்டு வாங்கிப் பழகாத வீட்டில் வளர்ந்தவன் நான். முன்பின் தெரியாதவர் வீட்டில் உண்டு உறங்கிவிட்டு, ஒரு நன்றியோடு கிளம்பிப் போவது இரந்து வாழ்வதுபோல இல்லையா? அதிலும் என்னைவிட இல்லாதவர்களிடம் வாங்குவது இன்னும் உறுத்துகிறது. காசு கொடுக்கலாமா? 2018இல் தஜிகிஸ்தானில் சைக்கிள் பயணிகள் கொல்லப்பட்ட செய்தியைக் காட்டி என் அம்மா வேறு பயப்படுகிறார். அவரிடம் என்ன சொல்வது?

(பெயர் வேண்டாம்.)

* * *

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் கேட்டிருப்பவை பல. எனக்கு அந்த அம்மாவின் முகத்தைத் தாண்டி வர முடியவில்லை, அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அனிச்சப் பூவைப் போல விருந்தினர் முகம் வாடும் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். வாடுவது எப்போதும் வந்தவர்தான் என்று அது மனதில் பதிந்துவிட்டது. கூப்பிட்டவரும் வாடுவார். நீங்கள் "பரவாயில்லை" என்று சொன்னது மரியாதைக்காக. அவர் காதில் அது "உங்கள் வீடு எனக்கு வேண்டாம்" என்று விழுந்திருக்கும். நீங்கள் அப்படி நினைக்கவில்லை என்று எனக்குத் தெரிகிறது. அவருக்குத் தெரிய வழி இல்லையே.

என் முதல் நீண்ட பயணத்தில் நானும் இதையேதான் செய்தேன். முதல் பத்து நாளில் நான்கு பேரை மறுத்தேன். யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல் போகிறோம் என்று அது எனக்கு ஒரு பெருமையாகவும் இருந்தது. ஐந்தாவது முறை மறுக்க முடியாமல் போனதற்குக் காரணம் ஒரு கம்பி.

பின்சக்கரத்தில், செயின் இருக்கிற பக்கம், ஒரு ஸ்போக் அறுந்துவிட்டது. சுமை ஏற்றிய சைக்கிளில் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் அறும். பல்சக்கரங்களுக்கு இடம்விட வேண்டியிருப்பதால் அந்தப் பக்கத்துக் கம்பிகள் அதிக இறுக்கத்தில், கிட்டத்தட்ட நேராக நிற்கும். உதிரிக் கம்பி வைத்திருந்தேன். ஆனால் அதை மாட்டப் பல்சக்கரத் தொகுதியைக் கழற்ற வேண்டும், அதற்கான கருவி என்னிடம் இல்லை. சக்கரம் கோணிக்கொண்டு பிரேக் கட்டையில் உரச, மழையில் தள்ளிக்கொண்டே நடந்தேன். ஒரு வீட்டின் முன்னால் நின்றிருந்த மனிதர் என்னைப் பார்த்தார், சக்கரத்தைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் கதவை அகலத் திறந்துவிட்டார். எங்கள் இருவருக்கும் பொதுவான மொழி ஒன்றுகூடக் கிடையாது.

அறுந்த கம்பிக்கு அக்கம்பக்கத்தில், எதிர்ப்பக்கத்துக்குப் போகும் கம்பிகளைக் கொஞ்சம் தளர்த்தினால் சக்கரம் ஓரளவு நேராகும். கால் சுற்று தளர்த்தி, சுழற்றிப் பார்த்து, மறுபடியும் கால் சுற்று. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அவ்வளவு நேரமும் அவர் விளக்கைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தார். சக்கரத்தைச் சுழற்றிவிடும் வேலையை அவர் பையன் எடுத்துக்கொண்டான்.

அப்புறம் அவர் ஒரு தாளும் பென்சிலும் கொண்டுவந்து, நான் வந்த வழியை வரையச் சொன்னார். கோடு போட்டு, தங்கிய ஊர்களுக்குப் புள்ளி வைத்துக் கொடுத்தேன். வெகுநேரம் அதை உற்றுப் பார்த்தார். பிறகு பென்சிலை என் கையிலிருந்து வாங்கி, கோட்டின் மேல் அழுத்தமாக ஒரு புள்ளி வைத்தார். அது அவர் வீடு. தாளை என்னிடம் கொடுக்கவில்லை, சுவரில் ஒட்டிக்கொண்டார்.

இரத்தல் என்று நீங்கள் எழுதிய சொல்லைப் படித்ததும் எனக்கு நினைவு வந்தது அந்தப் புள்ளிதான். அவருக்கு அன்று இரவு ஏதோ கிடைத்தது. அது என்னவென்று என்னால் முழுதாகச் சொல்ல முடியாது. ஆனால் கொடுத்தவர், வாங்கியவர் என்று ஒரு பக்கமாக மட்டும் எழுதக்கூடிய கணக்கு அது இல்லை என்று அன்று புரிந்தது. முதல் பத்து நாளில் நான்கு வீடுகளுக்கு நான் அந்தப் புள்ளியை வைக்க விடாமல் வந்திருக்கிறேன்.

சைக்கிளில் போகிறவரை மட்டும் ஏன் இத்தனை பேர் வீட்டுக்குக் கூப்பிடுகிறார்கள் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். காரில் வருபவர் ஒரு கண்ணாடிக்குப் பின்னால் வருகிறார், அவருக்கு ஏதாவது வேண்டியிருக்கிறது என்று வெளியில் தெரியாது. சுமையோடு ஒருவர் மெதுவாக மேடேறி வரும்போது, அவர் மூச்சு வாங்குவது வாசலில் இருப்பவருக்குக் கேட்கும். எங்கிருந்து வருகிறார் என்பதைத் தூசியும், இன்னும் எவ்வளவு போக வேண்டும் என்பதைப் பைகளும் சொல்லிவிடும். கண் முன்னால் வந்து, கடந்து, மறைய அவருக்குச் சில நிமிடம் ஆகும். ஒருவரைக் கூப்பிடலாமா என்று யோசித்து முடிவெடுக்க அந்த நேரம் போதும். மனிதர்கள் கெட்டவர்களாகிவிட்டார்கள் என்று சொல்பவர்களில் பலர், யாரும் தங்களைக் கூப்பிட முடியாத வேகத்தில் போகிறவர்கள் என்பது என் எண்ணம்.

இது புதிய விஷயமும் இல்லை. சைக்கிளில் உலகைச் சுற்றிய முதல் மனிதர் தாமஸ் ஸ்டீவன்ஸ். 1884 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவில் கிளம்பி, 1886 டிசம்பரில் யோகஹாமாவில் முடித்தார். முன்சக்கரம் மட்டும் 50 அங்குலம் இருக்கிற பழைய வகை சைக்கிள். மாற்றுச் சட்டை ஒன்று, காலுறைகள், ஒரு கைத்துப்பாக்கி, கூடாரமாகவும் படுக்கையாகவும் பயன்பட்ட ஒரு மழைக்கோட்டு, இவ்வளவுதான் சுமை. தெஹ்ரானில் ஒரு குளிர்காலம் முழுக்க அவர் பாரசீக ஷாவின் விருந்தினர். அதற்கு முன்பு துருக்கியின் கிராமங்களில் எளியவர்கள் வீடுகளில் தூங்கினார். அந்தக் கிராமங்களில் கூட்டம் கூடி அவரிடம் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: ஏறு, ஓட்டிக் காட்டு. களைத்துப்போய் வந்து இறங்கியவர், அவர்களுக்காக மறுபடியும் மறுபடியும் ஏறி ஓட்டினார். அந்தக் காலத்திலேயே விருந்தாளிக்கு ஒரு வேலை இருந்திருக்கிறது.

இன்னொருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இவர் பயணம் போனவர் இல்லை, வாசலில் இருந்தவர். 1976இல் அமெரிக்காவின் இருநூறாம் ஆண்டையொட்டி, நாட்டின் ஒரு கரையிலிருந்து மறுகரைவரை 4,250 மைலுக்கு ஒரு சைக்கிள் தடம் அமைத்தார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் கிளம்பினார்கள். வர்ஜீனியாவில் ஆஃப்டன் என்ற இடத்தில் அந்தத் தடம் ஒரு கடுமையான மலையேற்றம். அந்த ஏற்றத்தில் ஜூன் கரி என்ற பெண்மணியின் வீடு இருந்தது. மூச்சுவாங்க நின்றவர்கள் தண்ணீர் கேட்டார்கள், கொடுத்தார். இவர்களுக்குத் தண்ணீர் மட்டும் போதாது என்று பார்த்ததும் குக்கீ சுட்டுக் கொடுக்க ஆரம்பித்தார். அந்த ஒரு கோடையோடு அவர் நிறுத்தவில்லை. பல பத்தாண்டுகள் தொடர்ந்தார். பயணிகள் தங்குவதற்கென்று பக்கத்தில் ஒரு வீட்டையே விட்டுக்கொடுத்தார். அந்த வீட்டின் சுவர்கள் முழுக்க, தங்கிப் போனவர்கள் உலகின் பல மூலைகளிலிருந்து அனுப்பிய அஞ்சலட்டைகள். 2012இல் இறந்தார். வழியில் பயணிகளுக்கு உதவுகிறவர்களுக்கென்று அவர் பெயரில் ஒரு விருதே ஏற்படுத்தினார்கள்.

ஆஃப்டனில் வாசலில் இருந்த ஒரு பெண்மணியின் சுவரில் அத்தனை ஊர்கள் வந்து சேர்ந்திருக்கின்றன. போய்ச் சேர்ந்ததும் ஓர் அட்டை எழுதிப் போடுவது சின்ன வேலை. முக்கால்வாசிப் பேர் செய்வதில்லை. நீங்கள் செய்யுங்கள். வீட்டு முகவரியைக் கிளம்பும்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சரி, காசு. வீட்டுக்குள் கூப்பிட்டவரிடம் நோட்டை நீட்டாதீர்கள். நீட்டிய அடுத்த நொடி அவர் விடுதிக்காரர் ஆகிவிடுகிறார், நீங்கள் வாடிக்கையாளர். தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு வருவது என்று சிலர் ஒரு வழி சொல்வார்கள். எனக்கு அதுவும் பிடிக்காது, நீங்கள் போன பிறகு அதைக் கண்டெடுக்கிறவரின் முகத்தை நினைத்துப் பாருங்கள். வீட்டில் நிஜமாகவே கஷ்டம் என்று கண்ணுக்குத் தெரிந்தால், போகும் வழியில் சாமான் வாங்கிக் கையில் கொடுங்கள், பிள்ளைகளுக்குப் படிப்புக்கு ஆகிற எதையாவது கொடுங்கள். குறைவாகச் சாப்பிடுங்கள், வேலையில் கைகொடுங்கள். ஆனால் தஜிகிஸ்தானின் பாமிர் சாலை போன்ற இடங்களில் பயணிகளைத் தங்கவைப்பதே பல குடும்பங்களுக்கு வருமானம். அங்கே கேட்ட தொகையைப் பேரம் பேசாமல் கொடுத்துவிட வேண்டும். முந்தைய இரவு ஒரு வீட்டில் சும்மா தங்கினேன் என்று அங்கே போய்ச் சொல்வது தவறு. எது விருந்து, எது தொழில் என்பது வாசலிலேயே தெரிந்துவிடும். தெரியவில்லை என்றால் கேட்டுவிடலாம், கேட்பதில் அவமதிப்பு ஒன்றும் இல்லை.

இல்லாதவர்கள்தான் அதிகம் கூப்பிடுகிறார்கள் என்று நீங்களும் கவனிக்கப் போகிறீர்கள். அது உறுத்தத்தான் செய்யும், உறுத்தட்டும். ஆனால் அந்த உறுத்தலைக் காரணமாக வைத்து அவர்களை மட்டும் மறுத்துவிட்டு, வசதியானவர் வீட்டில் போய்த் தங்காதீர்கள். அதைவிடப் பெரிய அவமதிப்பு வேறு இல்லை.

வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கும் இடம் பெரும்பாலும் அந்த வீடாக இருக்காது, உங்கள் வீடாகத்தான் இருக்கும். சைக்கிள் பயணிகளை ஓர் இரவு வீட்டில் தங்கவைக்கிறவர்களுக்காக வார்ம்ஷவர்ஸ் என்று ஒரு அமைப்பு 1993இலிருந்து இயங்குகிறது. பயணம் கிளம்பும் முன்பே அதில் வீட்டைப் பதிவு செய்துவிடுங்கள் என்று என்னிடம் கேட்கிற எல்லோரிடமும் சொல்வேன். உங்களுக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன. முதலில் நான்கைந்து பேருக்குக் கதவைத் திறந்து பாருங்கள். கூப்பிடுகிறவரின் பக்கத்திலிருந்து அது எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொண்டால், இரந்து வாழ்வது என்ற எண்ணம் தானாகவே போய்விடும்.

கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. இருட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே கேட்டுவிடுங்கள். இருட்டில் வந்து நிற்பவரைப் பார்த்து யாரும் பயப்படுவார்கள். ஹெல்மெட்டையும் கறுப்புக் கண்ணாடியையும் கழற்றிவிட்டுப் பேசுங்கள். முதலில் தண்ணீர். பிறகு, "இங்கே பக்கத்தில் கூடாரம் போட இடம் இருக்குமா?" என்பது மட்டும். வீட்டுக்குள் இடம் கேட்காதீர்கள். இடம் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளவும், உள்ளே கூப்பிடவும் அவருக்குச் சமமான வழி இருக்க வேண்டும். காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புவீர்கள் என்பதை அவர் கேட்கும் முன் நீங்களே சொல்லிவிடுங்கள். சில ஊர்களில் முதல் அழைப்பு வெறும் மரியாதையாக இருக்கும். இரண்டு தடவை மறுத்த பிறகும் கூப்பிட்டால் அது மனதிலிருந்து வருகிறது. உள்ளே போன பிறகு எவ்வளவு களைப்பு இருந்தாலும் உட்கார்ந்து பேசுங்கள், போனை எடுக்காதீர்கள். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். சைக்கிளில் வருகிறவருக்கு ஒரு நாள் போதும்.

கடைசியாக, உங்கள் அம்மா. அவர் சொல்வது உண்மை. 2018 ஜூலை 29 அன்று தஜிகிஸ்தானின் டங்காரா பகுதியில், சாலையில் போய்க்கொண்டிருந்த சைக்கிள் பயணிகள் மேல் காரை ஏற்றி, பிறகு கத்தியால் குத்தினார்கள். நான்கு பேர் இறந்தார்கள். அன்றைக்கு நானும் வெகுநேரம் உட்கார்ந்தபடியே இருந்தேன். அதை அபூர்வம் என்று சொல்லி அவர் பயத்தைத் தள்ளிவிடாதீர்கள். சைக்கிள் பயணியின் பெரிய ஆபத்து வாகனங்கள்தான், வீடுகள் அல்ல. இதையும் சொல்லுங்கள். பின்னால் பார்க்கும் கண்ணாடியும் பளிச்சென்ற மேல்சட்டையும் வாங்கி அவர் கண்ணில் படும்படி வையுங்கள். ஒவ்வொரு இரவும் இருக்குமிடத்தை அனுப்புங்கள். வீட்டுக்காரர் சம்மதித்தால் அவரோடு ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். படம் எடுக்கச் சம்மதிக்கிறாரா என்பதே உங்களுக்கும் ஒரு தகவல். மனது ஒட்டாத இடத்தில் தங்காதீர்கள், காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் கிளம்பிவிடுங்கள்.

இதைப் படிக்கும் பெண்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அயர்லாந்துப் பயண எழுத்தாளர் டெர்வ்லா மர்ஃபி 1963இல் 31 வயதில் அயர்லாந்திலிருந்து இந்தியாவுக்குத் தனியாகச் சைக்கிளில் வந்தார். பத்து வயதில் எடுத்த முடிவு அது. வழியில் எத்தனையோ பேர் அன்போடு தங்கவைத்தார்கள், கைத்துப்பாக்கியை எடுக்கவும் நேர்ந்தது. இரண்டையும் அவர் மறைக்கவில்லை. ஆண்களான நாங்கள் எந்த வாசலிலும் நின்றுவிடலாம், உங்களுக்கு அப்படி இல்லை. பெண்கள் இருக்கிற வீடாகப் பார்த்து, பெண்களிடமே கேளுங்கள் என்று பயணம் போன தோழிகள் எல்லோரும் சொல்கிறார்கள்.

நண்பரே, நான்கு நாள் பயணம்தானே, அந்த வீடு உங்களுக்குப் பக்கம்தான். கிளம்புவதற்கு முன் ஒருமுறை போய்வாருங்கள். மாலையில் போங்கள், தண்ணீர் கேளுங்கள்.

உதிரிக் கம்பிகள் வாங்கும்போது பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் அளந்து வாங்குங்கள், செயின் பக்கத்துக் கம்பி மற்றதைவிடக் கொஞ்சம் நீளம் குறைவு. கழற்றும் கருவியையும் மறக்காதீர்கள். கம்பிகளை இருக்கைக் குழாய்க்குள் போட்டுத் துணியை அடைத்துவிட்டால் வழியெல்லாம் சத்தம் போடாது.

அன்புடன்.