எந்த வெளிநாடு, ஐயா?

கேள்வி: ஜப்பானில் ரயிலில் யாரும் செல்போனில் பேசுவதே இல்லையாம். நம் ஊர் பஸ்ஸிலோ பக்கத்து சீட்காரர் ஸ்பீக்கரில் ரீல்ஸ் ஓடவிடுகிறார். வெளிநாட்டினரைப் போல அறிவோடு செல்போனைப் பயன்படுத்த நம்மவர்கள் எப்போதுதான் கற்றுக்கொள்வார்கள்?
(வாசகர், கும்பகோணம்)

பதில்: பஸ் விஷயத்தில் நான் உங்கள் கட்சி. ஆனால் 'வெளிநாட்டினர்' என்று எல்லோரையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டீர்களே, அதைக் கொஞ்சம் அவிழ்க்க வேண்டியிருக்கிறது.

ஜப்பான் ரயிலில் பேசுவதில்லை என்பது உண்மை. போனை சைலண்டில் போடுவதற்கே அங்கே 'மேனர் மோடு' என்றுதான் பெயர். அது பிறவிக் குணமா என்றால், இல்லை. பேசாதீர்கள் என்று ரயிலில் ஓயாமல் அறிவிப்பு வந்துகொண்டே இருக்கும். அதோடு 1999-லேயே டோகோமோ நிறுவனம் 'ஐ-மோடு' சேவையைத் தொடங்கி, சாதாரண போனிலேயே மெயில் அனுப்பவும் செய்தி படிக்கவும் வழிசெய்துவிட்டது. கைக்கு வேலை கிடைத்தால் வாய் தானாக ஓய்ந்துவிடும். அதே 1999-ல் நம் ஊரில் செல்போன் வைத்திருந்தவர், வருகிற அழைப்புக்கும் காசு கட்டிக்கொண்டிருந்தார்.

இன்னொன்றும் கேளுங்கள். ஜப்பானில் விற்கும் போன்களில், படம் எடுக்கும்போது வரும் 'க்ளிக்' சத்தத்தை அணைக்க முடியாதபடியே வைத்து விற்பது வழக்கம். காரணம், பெண்களைத் திருட்டுத்தனமாகப் படம் எடுக்கும் ஆசாமிகள். நீங்கள் மெச்சும் அதே அமைதியான ஊர்தான்!

வெளிநாடு என்று எழுதும்போது கென்யா உங்கள் நினைவுக்கு வந்திருக்காது. அங்கே 2007 மார்ச்சிலேயே போன் வழியாகப் பணம் அனுப்பும் எம்-பெசா சேவை வந்துவிட்டது. 'பெசா' என்றால் சுவாஹிலியில் பணம். நம் பைசாவுக்கு உறவுக்கார வார்த்தை. இணையம் வேண்டாம், ஸ்மார்ட்போன் வேண்டாம். பட்டன் போன், சிம்மில் ஒரு மெனு, ஒரு ரகசிய எண், அவ்வளவுதான். நைரோபியில் வேலை பார்க்கும் மகன் தெருமுனைக் கடையில் ரொக்கத்தைக் கொடுத்துப் போனில் ஏற்றி அனுப்பினால், கிராமத்தில் அம்மா அங்குள்ள கடையில் ரொக்கமாக வாங்கிக்கொள்வார். அதற்கு முன்பு? ஊருக்குப் போகும் பஸ்காரரிடம் கொடுத்தனுப்புவார்கள், இல்லையென்றால் டாப்-அப்பையே பணம் மாதிரி மாற்றிவிடுவார்கள். வங்கிக் கிளை எட்டாத தூரத்தில் இருந்தது. அதனால் போனே வங்கியானது. நம் யுபிஐ வந்தது 2016-ல்.

கியூபாக்காரர் கதை வேறு. அங்கே கைபேசியில் 3ஜி இணையம் எல்லோருக்கும் கிடைத்ததே 2018 டிசம்பரில்தான். அதுவரை சும்மா இருந்தார்களா? சீரியல், சினிமா, பாட்டு, வரி விளம்பரம் எல்லாவற்றையும் ஹார்டு டிஸ்கில் ஏற்றி வாராவாரம் வீடு வீடாக விற்றார்கள். 'வாரப் பொட்டலம்' என்று அதற்குப் பெயர். இணையமே பால்காரர் மாதிரி வாசலுக்கு வந்தது.

நாம் மட்டும் சளைத்தவர்களா என்ன? ஒரு பைசா செலவில்லாமல் 'வந்து சேர்ந்துவிட்டேன்' என்று சொல்ல மிஸ்டு கால் கொடுத்தோமே! நைஜீரியாக்காரர்களும் அதையேதான் செய்தார்கள். அவர்கள் அதை 'ஃப்ளாஷ்' என்பார்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் எஸ்எம்எஸ் சலுகை செல்லாது என்பதால் முந்தின நாளே வாழ்த்து அனுப்பியவர்கள் நாம். கட்டணம் எப்படியோ பழக்கமும் அப்படி. இதில் அறிவு, அறிவின்மை என்று பிரிக்க எனக்குத் தைரியம் இல்லை.

உங்கள் பக்கத்து சீட்காரருக்கே வருவோம். 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு டேட்டா விலை தடாலென்று விழுந்தது. இன்று அவர் பேக்கில் தினமும் ஒன்றரை ஜிபி. நள்ளிரவுக்குள் தீர்க்காவிட்டால் அது போச்சு. மனிதர் தீர்க்கிறார். இயர்போன் வாங்காதது மட்டும்தான் அவர் குற்றம்.

ஜப்பானாக மாறும்வரை காத்திருக்காமல், 'தம்பி, சத்தத்தைக் கொஞ்சம் குறைப்பா' என்று கேட்டுப் பாருங்கள். போன வாரம் நான் கேட்டேன், உடனே குறைத்தார். இரண்டு ஸ்டாப் கழித்து எனக்கு வீட்டிலிருந்து போன் வந்தது. நான் பேசிய சத்தத்தில் அவர்தான் திரும்பிப் பார்த்தார்.