பெயர் இரண்டு, மருந்து ஒன்று
(வாசகர் கேள்விகளுக்கு மருந்தாளுநர் பதில்கள்)

பனிக்காலம் என்பதால் இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சளி, தும்மல், மூக்கடைப்பு பற்றியவை. அவற்றையே இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: என் மாமனாருக்கு வயது 70. சென்ற மாதம் சளியும் காய்ச்சலும் கண்டபோது வீட்டிலிருந்த 650 மி.கி. காய்ச்சல் மாத்திரையை மூன்று வேளையும் கொடுத்தோம். சளி விடாததால் மருந்துக்கடையில் சொல்லி வாங்கிய சளி மாத்திரையையும் மூன்று வேளை சேர்த்துக் கொடுத்தோம். மூன்றாம் நாள் இரவு சிறுநீர் கழிக்க முடியாமல் அடிவயிறு வீங்கித் துடித்துவிட்டார். மதுரை பெரியாஸ்பத்திரியில் டியூப் போட்டுத்தான் சிறுநீரை எடுத்தார்கள். அங்கிருந்த டாக்டர் முதலில் கேட்டதே, “சளி மாத்திரை ஏதும் சாப்பிட்டாரா?” என்பதுதான். சளி மாத்திரைக்கும் சிறுநீருக்கும் என்ன தொடர்பு? இரண்டு அட்டைகளையும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.
– வாசகி, உசிலம்பட்டி

பதில்: படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். காய்ச்சல் மாத்திரை அட்டையின் பின்புறத்தில் பாராசிட்டமால் ஐ.பி. 650 மி.கி. என்று ஒரே வரி இருக்கிறது. சளி மாத்திரையின் அட்டையில் வேறு பெயரும் வேறு நிறமும் இருந்தாலும், அதன் பின்புறத்துப் பொடி எழுத்துகளில் முதலாவதாக நிற்பது பாராசிட்டமால் ஐ.பி. 500 மி.கி. என்பதே. அடுத்து பினைல்எஃப்ரின் 10 மி.கி., அதற்கடுத்து குளோர்பெனிரமைன் மேலியேட் 2 மி.கி. ‘ஐ.பி.’ என்பது இந்திய மருந்துத்தர நூலைக் குறிக்கும் எழுத்து. அது எந்தச் சொல்லை ஒட்டி நிற்கிறதோ அதுவே மருந்தின் உண்மையான பெயர். மேலே பெரிதாக அச்சிட்டிருப்பது கம்பெனி வைத்த பெயர்.

ஆகவே தங்கள் மாமனார் ஒரே மருந்தை இரண்டு பெயர்களில் விழுங்கியிருக்கிறார். கணக்கைப் பாருங்கள்: 650 மூன்று முறை 1,950, 500 மூன்று முறை 1,500, ஆக நாளொன்றுக்கு 3,450 மி.கி. உடல்நலமுள்ள பெரியவருக்கு ஒரு நாளின் உச்ச அளவு 4,000 மி.கி. என்பதால் அவர் வரம்புக்குள் இருந்துவிட்டார். காய்ச்சல் தணியவில்லையே என்று இரண்டையும் நான்கு வேளையாக்கியிருந்தால் 4,600 ஆகியிருக்கும். மெலிந்த முதியவர், ஈரல் நோய் உள்ளவர், அன்றாடம் மது அருந்துபவர் ஆகியோருக்கு அந்த வரம்பே இன்னும் கீழே இறங்கும். அளவு மீறிய பாராசிட்டமால் ஈரலைத் தாக்கும்போது முதல் நாளில் குமட்டலைத் தவிர வேறெதுவும் தெரியாமல் போவதுண்டு. நச்சு முறிவு மருந்தான அசிட்டைல்சிஸ்டீனோ எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் முழுப் பயன் தரும். எனவே தவறுதலாக அதிகம் உட்கொண்டுவிட்டால் அறிகுறிக்காகக் காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும்.

இனி சிறுநீர் விஷயம். குளோர்பெனிரமைன் பழைய தலைமுறை ஒவ்வாமை மருந்து. மூக்கு ஒழுகுவதை அது உலர்த்துவது போலவே வாயையும் உலர்த்தும், குடலை மந்தமாக்கும், சிறுநீர்ப்பை சுருங்கும் விசையையும் குறைக்கும். மூக்கடைப்புக்காகச் சேர்க்கும் பினைல்எஃப்ரினோ சிறுநீர்ப்பையின் வாய்ப்பகுதித் தசையை இறுக்கக்கூடியது. எழுபது வயதில் பல ஆண்களுக்கு புராஸ்டேட் சுரப்பி வீங்கிச் சிறுநீர்ப்பாதை முன்பே குறுகியிருக்கும். தள்ளும் விசை தளர்ந்து, வெளியேறும் வழியும் இறுகினால், தாங்கள் பார்த்த நிலைதான் ஏற்படும். டாக்டர் கேட்டது மிகச் சரியான கேள்வி. மாத்திரையை நிறுத்தியதோடு விட்டுவிடாமல், புராஸ்டேட் வீக்கத்துக்கான பரிசோதனையையும் செய்துகொள்ளச் சொல்லுங்கள். கண்ணில் நீரழுத்த நோய் (கிளாக்கோமா) உள்ளவர்களும் இவ்வகைச் சளி மாத்திரைகளைத் தாமாக வாங்கக் கூடாது. இரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்குப் பினைல்எஃப்ரின் ஆகாது.

அந்தப் பினைல்எஃப்ரினை விழுங்கினால் மூக்கடைப்பு குறைகிறதா என்பதே இப்போது கேள்வியாகிவிட்டது. பெரும்பகுதி குடலிலும் ஈரலிலும் சிதைந்து, மூக்குக்குப் போய்ச் சேர்வது சொற்பமே. 2023 செப்டம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆலோசனைக் குழு, மாத்திரையாக உட்கொள்ளும் பினைல்எஃப்ரினால் பலனில்லை என்று ஒருமனதாக முடிவு செய்தது. 2024 நவம்பரில், கடையில் நேரடியாக விற்கும் சளி மருந்துகளிலிருந்து அதை நீக்க அந்த அமைப்பு முன்மொழிந்தது.

மருந்துக்கடை மேசைக்குப் பின்னால் நின்றே நரைத்தவன் நான். “சளி காய்ச்சலுக்கு மூணு வேளைக்கு ஒரு செட் போட்டுக் குடுங்க” என்று கேட்பவர்களுக்கு, அட்டையிலிருந்து இரண்டிரண்டாகக் கத்தரித்து, சிறிய காகித உறையில் போட்டுக் கொடுக்கும் வழக்கம் நம் பக்கத்துக் கடைகளில் இன்றும் இருக்கிறது. என் இளமையில் நானும் அப்படிக் கொடுத்திருக்கிறேன். கத்தரித்த துண்டில் மருந்தின் பெயர் பாதியாக நிற்கும், காலாவதித் தேதி கடையிலேயே தங்கிவிடும். முழு அட்டையாக வாங்க இயலாவிட்டால், பெயரும் தேதியும் உள்ள பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அல்லது கடைக்காரரை உறையின் மேல் எழுதித் தரச் சொல்லுங்கள்.

தங்கள் மாமனாருக்கு அடுத்த முறை சளி பிடித்தால், காய்ச்சல் இருக்கும்போது மட்டும் பாராசிட்டமால், மூக்குக்கு உப்புநீர்ச் சொட்டு, தொண்டைக்கு உப்பு கலந்த வெந்நீர்க் கொப்பளிப்பு ஆகியவை போதும். சாதாரணச் சளி ஏழு முதல் பத்து நாட்களில் தானே இறங்கும். மூச்சிரைப்பு, நெஞ்சுவலி, மூன்று நாட்களுக்கு மேல் விடாத காய்ச்சல் ஆகியவை இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். அதிமதுரக் கஷாயம் தொடர்ந்து குடித்தாலும் இரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நாட்டு மருந்துக்கடைச் சரக்கிலும் வேதிப்பொருள்தானே இருக்கிறது.

கேள்வி: மதுரைக்கும் தேனிக்கும் இடையே சரக்கு வேன் ஓட்டுகிறேன். விடிந்ததும் இருபது முப்பது தும்மல் வரும். ஐந்து ஆண்டுகளாகத் தினமும் இரவில் சிட்ரிசின் மாத்திரை ஒன்று போடுகிறேன். மறுநாள் முற்பகலில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கண் சொருகுகிறது. “லீவோசிட்ரிசின் போடுங்கள், தூக்கம் வராது” என்கிறார் கடைக்காரர். மாற்றலாமா?
– வாசகர், திருமங்கலம்

பதில்: மாற்றுவதால் பெரிய வேறுபாடு இராது. 10 மி.கி. சிட்ரிசினில் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம் போன்ற இரு வடிவங்கள் பாதிப் பாதியாக இருக்கின்றன. வேலை செய்யும் பாதியைப் பிரித்தெடுத்ததுதான் 5 மி.கி. லீவோசிட்ரிசின். கண் சொருகல் பலருக்கு அதிலும் உண்டு. மூளைக்குள் மிகக் குறைவாகவே நுழைவது ஃபெக்சோபெனடின். வண்டி ஓட்டுபவர்களுக்கு டாக்டர்கள் பெரும்பாலும் அதையே எழுதுகிறார்கள். அதை வெறும் தண்ணீரில் விழுங்க வேண்டும். ஆரஞ்சு, ஆப்பிள் பழச்சாறுகளுடன் உட்கொண்டால் உடலில் சேரும் அளவு கணிசமாகக் குறைந்துவிடும்.

சிட்ரிசினை ஒரே நாளில் நிறுத்துவதற்கு முன் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். நெடுநாள் தினமும் உட்கொண்டவர்களில் மிகச் சிலருக்கு, நிறுத்திய சில நாட்களில் உடல் முழுவதும் கடும் அரிப்பு வருகிறது என்று 2025 மே மாதத்தில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. அப்படி வந்தால் புதிய ஒவ்வாமை என்று மிரளாமல் டாக்டரிடம் சொல்லிப் படிப்படியாகக் குறையுங்கள்.

ஆனால், ஐந்து ஆண்டுத் தும்மலை மாத்திரையாலேயே ஓட்டுவது சரியான வழியென்று எனக்குத் தோன்றவில்லை. விடியற்காலைத் தும்மலுக்குப் பெரும்பாலும் படுக்கையே காரணம். பழைய தலையணையில் சேர்ந்த தூசியில் கண்ணுக்குத் தெரியாத உண்ணிகள் வாழ்கின்றன. போடி இலவம் பஞ்சின் மேல் பழி போட வேண்டாம். உறையை வாரம் ஒருமுறை வெந்நீரில் அலசினாலே வேறுபாடு தெரியலாம். பகலில் சாலையோரம் வண்டியை நிறுத்தும் நேரத்தில் தும்மல் கூடுகிறது என்றால், சீமைக் கருவேலத்தின் மகரந்தத்தையோ பார்த்தீனியத்தையோ சந்தேகிக்கலாம். காது மூக்கு தொண்டை டாக்டர் ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரே எழுதிக் கொடுத்தால் பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டாம். அது உடலில் சேர்வது மிகக் குறைவு. முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகும். தலையைச் சற்றுக் குனிந்து, முனையை நடுத்தண்டின் பக்கம் வைக்காமல் அந்தந்தப் பக்கத்துக் கண்ணை நோக்கி வைத்து அடிக்க வேண்டும்.

கேள்வி: மூத்தவனுக்கு வாங்கிய காய்ச்சல் சிரப்பும் சளிச் சொட்டு மருந்தும் மீதம் இருக்கின்றன. ஒன்றரை வயது மகளுக்கு (எடை 10 கிலோ) அவற்றைக் கொடுக்கலாமா? இருமல் மருந்தால் குழந்தைகள் இறந்த செய்தியைப் படித்ததிலிருந்து எதைத் தொடவும் பயமாக இருக்கிறது.
– வாசகி, வில்லாபுரம்

பதில்: சளிச் சொட்டு மருந்தைக் கொடுக்காதீர்கள். குளோர்பெனிரமைனும் பினைல்எஃப்ரினும் சேர்ந்த மருந்தை நான்கு வயதுக்கு உட்பட்டோருக்குப் பயன்படுத்தக் கூடாது என்று லேபிளில் எச்சரிக்கை அச்சிடும்படி இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அலுவலர் 2023 டிசம்பரில் உத்தரவிட்டார். தங்களிடம் உள்ளது அதற்கு முந்தைய புட்டியாகக்கூட இருக்கலாம்.

பாராசிட்டமாலைக் கொடுக்கலாம், ஆனால் அளவை வயதைக் கொண்டு ஊகிக்காமல் எடையைக் கொண்டு கணக்கிட வேண்டும். ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மி.கி. என்றால் 10 கிலோ குழந்தைக்கு 150 மி.கி. இதே 150 மி.கி., 5 மி.லி.யில் 120 மி.கி. உள்ள சிரப்பில் சுமார் 6 மி.லி.; 5 மி.லி.யில் 250 மி.கி. உள்ள சிரப்பில் 3 மி.லி.; 1 மி.லி.யில் 100 மி.கி. உள்ள பாராசிட்டமால் சொட்டு மருந்தில் ஒன்றரை மி.லி. மட்டுமே. சொட்டு மருந்தைச் சிரப்பென்று எண்ணி 6 மி.லி. ஊற்றினால் ஒரே வேளையில் நான்கு மடங்கு போய்விடும். சிறு பிள்ளை மருந்துதானே, நீர்த்துத்தான் இருக்கும் என்று நினைப்பவர்கள் ஏராளம். உண்மையில் சொட்டு மருந்துதான் அடர்த்தியானது. பாலாடையிலோ சமையலறைக் கரண்டியிலோ அளக்காமல், புட்டியோடு வரும் கோடு போட்ட மூடியிலோ ஊசியில்லாத சிரிஞ்சிலோ அளந்து கொடுங்கள். இரு வேளைகளுக்கிடையே குறைந்தது 4 மணி நேரம் இருக்கட்டும். நாளில் நான்கு வேளைக்கு மேல் வேண்டாம். திறந்து பல மாதங்களான புட்டி என்றால் கொட்டிவிட்டுப் புதிதாக வாங்குங்கள்.

தாங்கள் படித்த செய்தி 2025ஆம் ஆண்டில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் நடந்தது. அந்த மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். மருந்தைக் கரைக்கப் பயன்படும் திரவத்தில் டைஎதிலீன் கிளைக்கால் என்ற தொழிற்சாலை நச்சு கலந்திருந்தது. 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாத அந்த நச்சு, சோதனையில் அந்த மருந்தில் 48.6 சதவீதம் இருந்தது. அது சிறுநீரகத்தை அழிக்கும். 1937இல் அமெரிக்காவில் நூறு பேருக்கு மேல் பலி வாங்கியதும் இதே நச்சுதான். இதைக் கண்ணாலோ நாக்காலோ கண்டுபிடிக்க முடியாது. அது தயாரிப்பாளரும் அரசும் செய்ய வேண்டிய சோதனை. பெற்றோர் செய்யக்கூடியது, தேவையில்லாத சிரப்பைக் கொடுக்காமல் இருப்பது. இரண்டு வயதுக்குக் கீழ் இருமல், சளி மருந்து வேண்டாம் என்றும், ஐந்து வயது வரைகூடப் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை என்றும் மத்தியச் சுகாதாரத் துறை 2025 அக்டோபரில் அறிவுறுத்தியது. தங்கள் மகளுக்கு ஒரு வயது கடந்துவிட்டதால் படுக்கும் முன் அரை டீஸ்பூன் தேன் கொடுத்துப் பாருங்கள். பால் குடிக்க மறுத்தாலோ, மூச்சு விடும்போது விலா உள்ளிழுத்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ அன்றே டாக்டரிடம் தூக்கிச் செல்லுங்கள்.

கேள்வி: மூக்கடைப்புக்குச் சொட்டு மருந்து விட்டால்தான் தூங்க முடிகிறது. எட்டு மாதமாக விடுகிறேன். இது பழக்கமாகிவிட்டதா?
– வாசகர், செல்லூர்

பதில்: ஆம். சைலோமெட்டசோலின், ஆக்சிமெட்டசோலின் சொட்டுகள் மூக்கின் இரத்த நாளங்களைச் சுருக்கும். மருந்தின் வேகம் தணிந்ததும் அவை முன்னைவிட அதிகமாக வீங்கும். இப்போதுள்ள அடைப்பு பெரும்பாலும் சொட்டு மருந்து உண்டாக்கியதே. ஐந்து நாட்களுக்கு மேல் விடக் கூடாத மருந்து அது. ஒரு நாசியில் முதலில் நிறுத்தி, அது திறந்த பின் மறு நாசியில் நிறுத்துவது ஒரு வழி. டாக்டரிடம் கேட்டு ஸ்டீராய்டு ஸ்பிரேயைத் துணைக்கு வைத்துக்கொண்டால் அந்த ஒன்றிரண்டு வாரம் எளிதாகக் கழியும்.

கேள்வி: மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் வேலை. மல்லிகை மூட்டையைப் பிரித்தால் தும்மலும் தலைவலியும் வருகின்றன. ஒவ்வாமை மாத்திரை எதுவும் கேட்கவில்லை.
– வாசகி, மேலூர்

பதில்: மல்லிகையின் மகரந்தம் காற்றில் பறக்கும் வகை அல்ல. கடும் வாசனையே சிலருடைய மூக்கின் நரம்புகளைத் தூண்டிவிடும். அது ஒவ்வாமை ஆகாது என்பதால் சிட்ரிசின் போன்றவை அதற்குச் சரியாகக் கேட்பதில்லை. மூட்டையைப் பிரிக்கும்போது முகக்கவசம் அணிந்து, காற்றுக்கு முதுகு காட்டி நில்லாமல் பக்கவாட்டில் நின்று பாருங்கள். அப்படியும் குறையாவிட்டால் மூக்கில் அடிக்கும் அசெலாஸ்டின் ஸ்பிரே பற்றி டாக்டரிடம் கேளுங்கள். நாக்கில் கசப்புத் தட்டும், சிலருக்குத் தூக்கமும் வரும். ஆகவே முதல் சில நாட்கள் வேலை முடிந்து வீடு திரும்பிய பிறகு அடித்துப் பார்ப்பது நல்லது.