வெர்மான்ட் காட்டு நிலமும் வரியும்

கேள்வி: அண்ணா, அமெரிக்காவுல வெர்மான்ட்ல 30 ஏக்கர் மரக்காடும் நடுவுல சின்ன வீடும் வாங்கியிருக்கோம், சொத்து வரி தாங்க முடியல. காட்டைப் பாதுகாத்தா வரி குறையும்ங்கிறாங்களே, சேரலாமா?
– வாசகி, நியூஜெர்சி

பதில்: சேரலாம்மா. அந்தத் திட்டத்துக்குப் பேரு 'கரண்ட் யூஸ்', 1978-லேருந்து இருக்கு. நிலத்தை வித்தா என்ன விலை போகும்னு பாக்காம காடா அதுக்கு என்ன மதிப்போ அதுக்குத்தான் வரி போடுவாங்க. குறைஞ்சது 25 ஏக்கர் வேணும், வீட்டுக்குன்னு 2 ஏக்கர் கழிச்சாலும் உங்களுக்கு 28 நிக்குது, அதனால கவலையில்ல. ஆனா பாரஸ்டர், அதாவது காட்டுப் பராமரிப்பு நிபுணர் ஒருத்தரை வச்சு 10 வருஷத்துக்கு ஒருதடவை பிளான் எழுதணும், அதுக்கு காசு ஆகும், எந்தப் பகுதியில எப்போ எந்த மரம் வெட்டணும்னு அதுல இருக்கும், அதை மீறக்கூடாது.

முக்கியமா நிலப் பத்திரத்துல ஒரு லியன், அதாவது வரிக்காக நிலத்து மேல அரசாங்கத்துக்கு இருக்கிற உரிமை, ஏறும்மா. பின்னாடி பிளாட் போட்டு வீடு கட்டினா அந்தத் துண்டோட சந்தை மதிப்புல 10% வரி கட்டணும். பிள்ளைங்களுக்கு அங்கயே வீடு கட்டித் தர்ற எண்ணம் இருந்தா அந்த இடத்தை இப்பவே திட்டத்துக்கு வெளிய விட்டுட்டு, மிச்சம் 25 ஏக்கருக்குக் குறையாம பாத்து சேருங்க. கன்சர்வேஷன் ஈஸ்மென்ட்டுக்கு, அதாவது நிலத்துல கட்டடம் கட்டுற மாதிரி உரிமைகளை விட்டுக்கொடுத்து எழுதித் தர்ற ஒப்பந்தத்துக்கு மட்டும் அவசரப்படாதீங்க, அது நிரந்தரம், உங்க பேரப்பிள்ளைங்களையும் கட்டும்.