ரிப்போர்ட் நார்மல், நெஞ்சு மட்டும் படபடக்கிறது

கேள்வி: எனக்கு வயது 39. பினாங்கு பாயான் லெப்பாஸில் ஃபேக்டரி சூப்பர்வைசர், சிப்ட் வேலை. ஆறு மாதமாக நெஞ்சு படபடப்பு, வயிற்றெரிச்சல், தலைவலி, தூக்கமும் இல்லை. இசிஜி, ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல், "ஸ்ட்ரெஸ்தான், ரிலாக்ஸ் பண்ணுங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டில் பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறேன். இது மனநோயா?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: காலையில் பினாங்குப் பாலத்து ஜாமில் நிற்கிறவரிடம் ரிலாக்ஸ் பண்ணுங்கள் என்று சொல்வது சுலபம். ரிப்போர்ட் நார்மல் என்பதால் உங்கள் படபடப்பு கற்பனை ஆகிவிடாது. இசிஜி எடுப்பது வெறும் பத்து விநாடிதான், அதுவும் நீங்கள் அமைதியாகப் படுத்திருக்கும்போது. லைனில் மெஷின் நின்று மேனேஜர் போன் மேல் போன் அடிக்கிற நேரத்தில் யாரும் எடுத்துப் பார்க்கவில்லையே!

அந்த நேரத்தில், சிறுநீரகத்துக்கு மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி ரத்தத்தில் அட்ரினலினை இறக்கும். இதயம் வேகமாக அடிக்கும், கழுத்துத் தசை இறுகும், வயிறு தன் வேலையை ஒழுங்காகச் செய்யாது. ஆபத்து தீர்ந்ததும் அடங்க வேண்டியதுதான். உங்களுக்கு அடங்க நேரமே கிடைப்பதில்லை. கார்டிசோல் என்று இன்னொரு ஹார்மோன், காலையில் ஏறி இரவில் இறங்க வேண்டியது, சிப்ட் மாறி மாறி வந்தால் அதன் கணக்கும் குழம்பும். தூக்கம் கெடும், தூங்காத மூளைக்குப் பொறுமை இருக்காது, மேனேஜரிடம் காட்ட முடியாத கோபம் பென்சிலைத் தொலைத்த பிள்ளைமேல் இறங்கும். நீங்கள் கெட்ட அம்மா இல்லை, இதுவும் அந்தப் படபடப்போடு சேர்ந்த அறிகுறிதான்.

ஆனால் எல்லாப் பழியையும் ஸ்ட்ரெஸ் மேல் போடவும் எனக்கு மனமில்லை. தைராய்டும் ஹீமோகுளோபினும் பார்த்தார்களா என்று கேளுங்கள், தைராய்டு கூடினாலும் ஹீமோகுளோபின் குறைந்தாலும் படபடப்பு வரும். தலைவலிக்கு வெறும் வயிற்றில் பொன்ஸ்தான் (Ponstan) வலி மாத்திரை போடுகிற பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள், எரிச்சலுக்குப் பாதிக் காரணம் அதுவாகவே இருக்கலாம். கேஸ்ட்ரிக் விடாமல் இருந்தால் ஹெலிகோபேக்டர் என்ற வயிற்றுக் கிருமிக்கும் பரிசோதனை உண்டு.

அப்புறம் காப்பி. குடித்து ஐந்து மணி நேரம் ஆனாலும் அதிலுள்ள கஃபீனில் சுமார் பாதி உடம்பில்தான் இருக்கும், ஆகவே சிப்டின் பின்பாதியில் வேண்டாம். (ஹவுஸ்மேன், அதாவது பயிற்சி டாக்டராக இருந்த காலத்தில் நானும் காப்பியிலேயே ஓடியவன், ஊசி போடும்போது கை நடுங்கும்.) வீட்டுக்கு வந்ததும் நேரே அடுப்படிக்குள் போகாமல், பத்து நிமிடம் கீழே நடந்துவிட்டு மேலே ஏறுங்கள்.

மனநோயா என்று கேட்டீர்கள். நீங்கள் எழுதியதை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லை, அழுகை வருகிறது என்றால் அரசாங்க கிளினிக்குப் போங்கள், கேள்வித்தாள் கொடுத்துப் பார்ப்பார்கள். சாகலாம் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரமெல்லாம் காத்திருக்க வேண்டாம், உடனே போங்கள். பேச ஆள் வேண்டுமென்றால் சுகாதார அமைச்சின் 15555 எண் இருக்கிறது.

நடக்கும்போது நெஞ்சு இறுகி, வலி கைக்கோ தாடைக்கோ பரவி, வியர்த்தால் அது வேறு கதை. ஸ்ட்ரெஸ்தானே என்று படுத்துவிடாமல் 999-ஐ அழையுங்கள்.