பதில்: துளஜாவுக்கு அடுத்து அமர்சிங்கா, சரபோஜியா?

பையனின் பள்ளிக் கண்காட்சி அட்டவணைக்கு எடுத்த, தஞ்சாவூர் மராட்டிய ராஜாக்களின் இரண்டு பட்டியலில் ஒன்றில் துளஜாவுக்கு அடுத்து அமர்சிங், இன்னொன்றில் நேராக சரபோஜி, எதைப் போடுவது என்று கேட்டிருந்தீர்கள். அமர்சிங்கை விடாதீர்கள். 1787 முதல் 1798 வரை தஞ்சாவூர் அரண்மனையில் சிம்மாசனத்தில் இருந்தவர் அவர்தான்.

துளஜாவுக்கு வாரிசு இல்லை. சாகும் தறுவாயில் பத்து வயதுச் சரபோஜியைத் தத்தெடுத்தார். ஆனால் பையன் பெற்றவருக்கு ஒரே பிள்ளை, வயதும் தாண்டிவிட்டது, அதனால் தத்து செல்லாது என்று பண்டிதர்கள் சொல்ல, துளஜாவின் வேறு தாய்த் தம்பி அமர்சிங்கை ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி ஏற்றுக்கொண்டது. பையன் அரண்மனையில் அடைபட்டுக் கிடந்தான், படிப்புகூட இல்லை. பாதிரியார் சுவார்ட்ஸ் தலையிட்ட பிறகுதான் சென்னைக்கு அனுப்பினார்கள். அப்புறம் வேறு பண்டிதர்களைக் கேட்டால் அதே தத்து செல்லுமாம்! சாஸ்திரம் மாறவில்லை, கம்பெனிக்கு வேண்டியதுதான் மாறியது என்பது என் எண்ணம், ஏனென்றால் 1798இல் பட்டம் கட்டிய சரபோஜியிடம் அடுத்த வருஷமே ஒப்பந்தம் போட்டு நாட்டு நிர்வாகத்தையே வாங்கிக்கொண்டார்கள். அவருக்கு மிஞ்சியது கோட்டையும், வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கும், வருஷத்துக்கு ஒரு லட்சம் வராகனும் (அந்தக் காலத் தங்க நாணயம்). அமர்சிங் பென்ஷனோடு நம்ம திருவிடைமருதூருக்குப் போய்விட்டார்.

சரபோஜி பெயருக்குப் பக்கத்தில் மறக்காமல் 'இரண்டாம்' போடுங்கள், 1712இல் பட்டத்துக்கு வந்த சரபோஜி வேறு ஆள்.